பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவல்: போன நான்கு வருடமும் எழுபத்திரண்டாயிரம் ரூபாயும்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஆறு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே நான் எழுதிய நாவல், மொத்தம் 176 பிரதிகள். போன மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் செங்கல் வைத்துத் தூக்கினேன். அந்தப் புத்தகத்தை இனி யாருக்கும் விற்கப் போவதில்லை. ஆனால் எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. பிள்ளைகளுக்காக, அதுவும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் நட்பு, காதல், சிநேகிதர்கள் கொடுக்கிற அழுத்தம் பற்றியெல்லாம் எழுத நினைக்கிற யாராவது இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் ஆள் தெரியவில்லை.

நான் ஈரோட்டில் வீட்டு மாடியில் பதினெட்டு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். பத்தாவது முதல் பிளஸ் டூ வரை, கணக்கும் ஆங்கிலமும். மாலை ஆறு மணிக்கு முப்பது ஜோடிச் செருப்பு படிக்கட்டில் கிடக்கும். பாடம் முடிந்ததும் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், யார் யாரை விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்று பார்த்தாலே அந்த வாரம் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று புரிந்துவிடும். 2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வே ரத்தாகி எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். மாடி காலியாகிவிட்டது. அந்த வெறுமையில்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து நேராக மாத நாவலுக்குத் தாவியது. நடுவில் இருந்த அந்த ஐந்தாறு வருடத்துக்கு எங்கள் கைக்கு எட்டிய கதை எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் என் மாடிப் பிள்ளைகளுக்காக ஒரு கதை இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த ஆசையை இன்றைக்கும் தப்பென்று நினைக்கவில்லை.

ஆறு மாதத்தில் முதல் படி முடிந்தது. தாரணி என்று ஒரு பிளஸ் ஒன் பெண், நல்ல பெண். கவின் என்று ஒருத்தன், பாலத்துக்கு அடியில் நின்று சிகரெட்டை நீட்டி "அடிடா, ஆம்பளையாடா நீ" என்பான். தாரணி தவறான கூட்டத்தில் சேர்ந்து, தவறான பையனை நம்பி, கடைசி அத்தியாயத்தில் அம்மா மடியில் அழுவாள். எழுதி முடித்த இரவு நானும் அழுதேன். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்து பிள்ளைகள் மாடிக்குத் திரும்பியதும் ஐந்து பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மிஸ், நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரேயர்ல பேசற மாதிரி இருக்குங்க மிஸ்." இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்த்து என்னால் சரியாகப் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் கோபம் வடிந்த பிறகு, "சரி, நிஜத்துல எப்படி நடக்கும், சொல்லு" என்று உட்காரவைத்துக் கேட்டேன்.

அவன் சொன்னதுதான் இந்த நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரிய பங்கு. "யாரும் அடின்னு சொல்ல மாட்டாங்க மிஸ். அவங்க பாட்டுக்கு அடிப்பாங்க. நாம சும்மா நிப்போம். அடுத்த நாள் எங்க போறாங்கன்னு நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. அவ்வளவுதான்." ஒரு பெண் சேர்த்துக்கொண்டாள்: கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர் இருப்பார்களாம், அதற்குள்ளேயே எட்டுப் பேருக்கு இன்னொரு குரூப், அந்த எட்டுக்குள் ஐந்து பேருக்கு இன்னொன்று. "நம்மள விட்டுட்டு ஒரு குரூப் இருக்குன்னு தெரிஞ்சாலே போதும் மிஸ், தூக்கம் வராது." பாலத்துக்கு அடியில் நிற்கிற வில்லனைத் தேடிக்கொண்டிருந்தேன். அழுத்தமோ மதியச் சாப்பாட்டு நேரத்தில், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். எழுதுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கார் ஓட்டுகிற கணினி விளையாட்டை வளரிளம் பருவத்தினர், இளைஞர், பெரியவர் என்று மூன்று வயதுக் குழுவினரிடம் கொடுத்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தங்கள் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் துணிந்து ஆபத்தில் இறங்குவது அதிகமானது. அந்த வித்தியாசம் பெரியவர்களை விட இளையவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. பையனும் அதைத்தானே சொன்னான்? கூட இருந்தாலே போதும். இன்னொன்று, 1950களில் சாலமன் ஆஷ் செய்த கோடு பார்க்கும் சோதனை. காட்டிய கோட்டுக்குச் சமமான நீளம் எந்தக் கோடு என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் அறையில் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தப்பான பதிலைச் சொல்ல, தெரியாமல் வந்து மாட்டியவரும் பலமுறை அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அதே அறையில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொன்னால் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்துவிடும். இதைப் படித்த அன்று என் நாவலில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று உறைத்தது. எல்லோரும் கெட்டவர்கள், தாரணி மட்டும் பாவம். பக்கத்து பெஞ்சில் இருந்து "ஏய், அவ வேண்டாங்கறால்ல, விடுங்கடி" என்று சொல்கிற ஒரு பெண்ணை உள்ளே கொண்டுவந்ததும் கதை அசையத் தொடங்கியது. நீங்கள் எழுதும்போது அந்த ஒரு ஆள் யார், எந்த இடத்தில் வாய் திறப்பாள், எந்த இடத்தில் திறக்காமல் போனாள் என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். பாதி நாவல் அங்கேதான் இருக்கிறது.

பேச்சு வழக்கு பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் பேசுவது போலவே இருக்க வேண்டும் என்று கெத்து, மொக்கை, செம, கமிட்டட், சீன் போடறது என்று பக்கத்துக்குப் பத்து போட்டிருந்தேன். எழுதி ஒரு வருடத்தில் அதில் பாதியை அவர்களே விட்டுவிட்டார்கள். சொற்கள் பழசாகிவிடும், பேசுகிற தினுசு அவ்வளவு சீக்கிரம் மாறாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசுவது, "ஒண்ணுமில்ல" என்பதை மூன்று விதமாகச் சொல்வது, முக்கியமானதைச் செருப்பு மாட்டும்போது சொல்வது. அவற்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்போது சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் வாங்கிப்போன ஐந்து பேரில் ஒரு பெண் கடைசி ஆளாகத் திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்து கேட்டாள்: "மிஸ், இது எங்கக்கா கூடப் படிச்ச அந்த அக்காதானே?" என் கை சில்லிட்டுவிட்டது. 2018இல் என்னிடம் படித்த ஒரு பெண். மதிய இடைவேளையில் சிநேகிதிகள் மூன்று பேர் விளையாட்டாக அவளுடைய போனை வாங்கி, அவள் பெயரில் பக்கத்து செக்‌ஷன் பையனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கச் சுற்றியது. "போனை ஏன் குடுத்தே?" என்று நான் கேட்டதற்கு, "குடுக்கலைன்னா நாளைக்கு அவங்ககூட உக்காந்து சாப்பிட முடியாதுங்க மிஸ்" என்றாள். சிம் கார்டைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தாள். பிறகு பள்ளியையே மாற்றிக்கொண்டாள். நாவலில் பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன், அப்பாவின் தொழிலை மாற்றினேன். ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த சிம் கார்டை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் எழுத்தாக அது அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் நினைவிருந்ததும் அதுதான்.

அவள் அப்போது கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் வருடம். நேரில் போய்ச் சொன்னேன். பஸ் ஏறும்போதுகூட, அவள் சம்மதிப்பாள், சந்தோஷப்படக்கூடப் படுவாள் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. கேன்டீனில் டீ ஆறும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் அதை எங்க மிஸ்கிட்டச் சொன்னேன். கதை எழுதறவங்ககிட்டச் சொல்லல." அதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும்போது பெருந்துறை தாண்டும்வரை அழுகையை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஏழு அத்தியாயங்களை எடுத்துவிட்டேன். அவற்றைப் புதிதாகக் கட்ட எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவளிடம் போவதற்கு முன்னால் ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டேனே, அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. உண்மைச் சம்பவத்திலிருந்து எடுத்தால், உங்களுக்கு எந்த விவரம் ரொம்பப் பிடித்திருக்கிறதோ அதை முதலில் மாற்றுங்கள். ஊருக்கு அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சம்மதத்தை எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள், எழுதிய பிறகு கேட்டால் எதிரே இருப்பவருக்கு மறுப்பது கஷ்டம்.

சட்டம் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் படியில் பதினேழு வயதுத் தாரணியும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனும் வீட்டை விட்டுப் போவதாக ஒரு பகுதி இருந்தது, அதைக் காதலின் துணிச்சலாக எழுதியிருந்தேன். வக்கீலாக இருக்கும் என் சித்தி மகள் படித்துவிட்டு, "அக்கா, இதை நிஜத்துல ஒருத்தன் செஞ்சா அவன் போக்சோவுல உள்ள போவான், தெரியுமா?" என்றாள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் குழந்தை, அந்தக் குழந்தையின் சம்மதம் சட்டத்தின் கணக்கில் வராது. இப்படி விரும்பிச் சேர்ந்த வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லி, அந்த வழக்கை ரத்தும் செய்திருக்கிறது. ஆனால் சட்டம் மாறவில்லை, பையன் நீதிமன்றம்வரை போய்த்தான் மீள வேண்டும். இது தெரிந்த பிறகு அந்தப் பகுதியைப் பழைய துள்ளலோடு என்னால் எழுத முடியவில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்கிற இரண்டு அம்மாக்கள் கதைக்குள் வந்தார்கள். இன்னொரு விஷயம்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, சிறார்களை ஆபாசமாகக் காட்டும் படங்களை மட்டுமல்ல, மின்வழியில் வருகிற எழுத்தையும் சொல்கிறது. பதினாறு வயதுக் காதலை எழுத உடல் பக்கம் போக வேண்டிய தேவையும் எனக்கு வரவில்லை. அவன் பஸ்ஸில் இருக்கிறானா என்று பார்க்காதது போலப் பார்ப்பதற்கே மூன்று பக்கம் ஆனது.

பிள்ளைகளிடம் பேசிப் பேசி எழுதுகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். கதை கேட்கிற சாக்கில் யாராவது ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிடலாம். என்னிடம் அப்படி ஒரு நாள் வந்தது, அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, குடும்பம் என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடுவதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417. இரண்டையும் மாடிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனிப் பணம். 2022 நடுவில் கைப்பிரதி தயாரானது. நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டில் பதிலே இல்லை. ஒன்றில் "இது சிறுவர் நூலா, நாவலா?" என்று கேட்டார்கள், எந்த அடுக்கில் வைப்பது என்று அவர்களுக்குக் குழப்பம். நான்காவது இடத்தில் ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்திருக்கலாம். நாற்பத்தாறு வயதில் முதல் புத்தகம், கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற பதைப்பு. அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. எழுத்துத் திருத்தம், அட்டை, ஐநூறு பிரதி, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், விளம்பரம் எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். "நூலக ஆணை நாங்களே வாங்கித் தர்றோம் மேடம், ஒரே ஆர்டர்ல போட்ட காசு வந்துடும்" என்றார்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணையைத்தான் அப்படிச் சொன்னார்கள். சீட்டு எடுத்து 2023 பிப்ரவரியில் 40,000, ஏப்ரலில் 20,000, ஜூனில் 12,000 என்று கட்டினேன். என் மகளின் கல்லூரிக்கு என்று போட்டிருந்த சீட்டு அது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு முன்னால் கைக்கு வந்துவிடும் என்றார்கள். அக்டோபரில் வந்தது, முந்நூறு பிரதி மட்டும். மீதி இருநூறு "தேவைப்படும்போது அடிப்போம்" என்றார்கள், இன்றுவரை அடிக்கவில்லை. மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியை, என் கண்ணில் காட்டவே இல்லை, தாரணி நாற்பதாம் பக்கத்தில் தரணி ஆகிவிட்டாள். அட்டையில் மழையில் நனைகிற ஒரு ஜோடி, இருவருக்கும் இருபத்தைந்து வயது இருக்கும். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு எந்தப் பள்ளி நூலகமும் தொடவில்லை, பெற்றோரும் வாங்கிக் கொடுக்கவில்லை. விலை 240. விற்றது 84, அதுவும் தள்ளுபடியில், கையில் வந்தது சுமார் 15,000. நாற்பதைச் சும்மா கொடுத்தேன். பிறகு ஊரிலேயே ஓர் அச்சகத்தில் விசாரித்தேன். அதே பக்கம், அதே தாள், முந்நூறு பிரதிக்கு ஒன்று 95 ரூபாய் என்றார்கள். 28,500தான். ஐஎஸ்பிஎன்னுக்கு என்று என்னிடம் தனியாக 5,000 கணக்கு காட்டியிருந்தார்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, எழுதியவரே விண்ணப்பிக்கலாம்.

பணத்தைவிட அந்த ஒப்பந்தம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "எல்லா உரிமைகளும்" என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்து. புத்தகத்தைத் திருத்தி வேறு இடத்தில் கொடுக்க முடியாது போலிருக்கிறதே என்று ஐந்தாறு மாதம் மறுகினேன். சித்தி மகள்தான் மறுபடி உதவினாள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டினாள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அந்த வருடம் முடிந்ததும் காலாவதி. என் ஒப்பந்தத்தில் காலமே இல்லை. அவள் ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். மூன்று வாரத்தில் உரிமையைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது, பணம் வரவில்லை. காசு கேட்கிற எந்தப் பதிப்பாளரிடமும் காலம், பிரதி எண்ணிக்கை, மெய்ப்பும் அட்டையும் உங்கள் ஒப்புதலுக்கு வரும் என்பது, கொடுக்காவிட்டால் என்ன என்பது, இந்த நான்கும் எழுத்தில் இல்லாமல் முதல் தவணையைக் கட்டாதீர்கள். நூலக ஆணை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வாயால் சொன்னால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இப்போது மூன்றாவது முறையாகத் திருத்துகிறேன். போன தை மாதம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் மாடிக்கு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, இனிப்பு கொடுக்க வந்தேன் என்றாள். கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, "அந்தக் கதை என்னாச்சுங்க மிஸ்? இப்ப இருக்கறதைக் குடுங்க, படிக்கறேன்" என்றாள். அவளுடைய கதை அதில் இல்லை என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். பத்து நாள் கழித்துப் பார்சலில் திரும்பி வந்தது. பென்சிலில் ஒரே ஓர் இடத்தில் குறித்திருந்தாள். சிநேகிதிகள் நான்கு பேரும் தாரணியை விட்டுவிட்டு வேறு மரத்தடிக்குப் போய் உட்காருகிற மதியம். நான் அவளை அங்கே அழவைத்திருந்தேன். ஓரத்தில் எழுதியிருந்தாள்: "அழ மாட்டா மிஸ். டிபன் பாக்ஸைத் திறந்து வேகவேகமா சாப்பிடுவா. முதல்ல முடிச்சுட்டா வகுப்புக்குப் போயிடலாம்ல."

இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதினேன். எடுத்துக்குங்க என்று பதில் வந்தது. அந்த அத்தியாயத்தைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.